உம்மாவின் பெட்டகமும் ஊரின் நூதனசாலையும்



உங்கள் வீட்டில் பழைய பெட்டகம் ஒன்று இருக்கிறதா? இருந்தால் இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஏன் என்று முடிவில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இறக்காமம். அம்பாறை மாவட்டத்தின் முஸ்லிம் ஊர்கள் என்றதும் உங்களுக்குக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோர ஊர்களே நினைவுக்கு வரும். நாங்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். எங்களுக்குக் கடலாக இருப்பது எங்கள் குளம்தான். விடியற்காலையில் குளத்துக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் தோணிக்காரர் வலை இழுப்பது தெரியும்; மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சுபஹு பாங்கு சொல்லி முடிந்ததும் கொக்குக் கூட்டம் எழும்பி வயலுக்குப் போகும். எங்கள் ஊரின் சோறும் கறியும் அந்தக் கட்டின் இரு பக்கத்திலிருந்தும் வருகின்றன.

ஊரைச் சுற்றிச் சரித்திரத்துக்குப் பஞ்சமில்லை. கொஞ்சத் தூரத்தில் தீகவாபி. புத்த பெருமான் வந்து சென்ற இடமென்று மகாவம்சம் கூறுவதால் பௌத்த மக்கள் பக்தியோடு வந்து வணங்கும் பழைய தாதுகோபம் அங்கே நிற்கிறது. பக்கத்திலே தொல்பொருட் காட்சிக்கூடம் ஒன்றும் உண்டு. இன்னொரு பக்கம் மாணிக்கமடு என்ற தமிழ்க் கிராமம். அங்குள்ள மாயக்கல்லி மலையில் 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் புத்தர் சிலையொன்று வைக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சையைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். ஒரு மலை, ஒரு குளம், ஒரு துண்டு வயல் என்று எதை எடுத்தாலும் எங்கள் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட கதை உண்டு. எழுதி வைத்தவனின் கதை நிலைக்கிறது. எழுதாதவனின் கதை அவன் ஜனாஸாவோடு போய்விடுகிறது.

இந்த உண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு பயணம். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

காத்தான்குடிக்குப் போன நாள்

2015ஆம் ஆண்டில் காத்தான்குடியில் ‘பூர்வீக நூதனசாலை’ என்ற பெயரில் இலங்கை முஸ்லிம்களின் வாழ்வையும் வரலாற்றையும் காட்டும் நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. திறந்து அதிக காலம் ஆகாத ஒரு பாடசாலை விடுமுறையில், உம்மாவையும் சாச்சியையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன். உம்மாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. “நூதனசாலை என்டா என்ன புள்ள, மிருகம் வச்சிருக்கிற இடமா?” என்று பஸ்ஸில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

சம்மாந்துறையைக் கடந்து, கல்முனைக்கு வந்து, அங்கிருந்து மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினோம். மருதமுனையில் தறிச் சத்தம். கல்லாற்றுப் பாலத்தில் உப்புக் காற்று. அதன் பிறகு களுவாஞ்சிக்குடி, களுதாவளை, குருக்கள்மடம், ஆரையம்பதி என்று தமிழ் ஊர்கள் வரிசையாக வரும். குருக்கள்மடம் வந்ததும் அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சாச்சி வாயை மூடிக்கொண்டார். உம்மா தஸ்பீஹை எடுத்தார். என் மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏன் உம்மா எல்லாரும் சும்மா இருக்கீங்க?” என்று என் காதில் கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்னேன்: 1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் இதே றோட்டால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்களை, ஹஜ்ஜை முடித்து வந்தவர்களையும் வியாபாரத்துக்குப் போய் வந்தவர்களையும், விடுதலைப் புலிகள் இந்த ஊரருகே மறித்துக் கடத்திக் கொன்றார்கள். எத்தனையோ தாய்மாருக்கு இன்றுவரை ஒரு கப்றடி கிடையாது.

என் மகள் அடுத்ததாகக் கேட்ட கேள்விதான் என்னைச் சுட்டது. “இது எங்கட பாடப் புத்தகத்தில இல்லையே உம்மா?”

‘இது நம்மட வீட்டுச் சாமான்தானே!’

நூதனசாலைக்குள் நுழைந்ததும் உம்மா சற்றுத் தயங்கினார். முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைக் காட்ட ஆளுயர உருவங்களை அமைத்திருந்தார்கள். இப்படி உருவங்கள் வைப்பது மார்க்கத்தில் கூடுமா என்று அவ்வூரிலேயே பெரிய வாதம் எழுந்தது. அது உலமாக்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். உம்மா தன் வழியில் அதைத் தீர்த்துக்கொண்டார். உருவங்கள் இருந்த பக்கம் திரும்பாமல் பொருள்கள் இருந்த பக்கமே நடந்தார்.

பழைய வீட்டுப் பாவனைப் பொருள்களைக் கண்டதும் நின்றுவிட்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

“இது நம்மட வீட்டுச் சாமான்தானே! இதப் பாக்கவா புள்ள என்ன இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய்? நம்மட பெட்டகத்தத் திறந்தா இதவிட நல்லது கிடக்கே!”

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். வெற்றிலைத் தட்டம் எப்படிச் சுற்றி வரும், கல்யாண வீட்டில் யார் கையில் முதலில் கொடுக்க வேண்டும், படிக்கத்தை எங்கே வைக்க வேண்டும், பன்பாய்க்குச் சாயம் காய்ச்சுவது எப்படி என்றெல்லாம் என் மகளுக்கு விளக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற யாரோ இரண்டு பிள்ளைகளும் வந்து கேட்டார்கள். பிறகு அவர்களின் தாயும் வந்தார். கொஞ்ச நேரத்தில் உம்மாவைச் சுற்றி ஒரு சிறு கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மா, அரபுத் தமிழ்க் கிதாபுகளை மட்டும் எழுத்துக்கூட்டி ஓதத் தெரிந்த என் உம்மா, அன்றைக்கு ஒரு பேராசிரியரைப் போல நின்றார்.

சகோதரிகளே! அலமாரிக்குள் கண்ணாடி போட்டு வைத்த பொருள் ஊமை. அதைப் பாவித்த ஒரு கிழவி அதன் பக்கத்தில் நின்று பேசும்போதுதான் அதற்கு வாய் முளைக்கிறது. நூதனசாலை என்றால் கட்டடம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே வாரந்தோறும் மாதந்தோறும் என்ன நடக்கிறது, யார் வந்து பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

அன்று அஸருக்குப் பிறகு மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் பக்கம் போனோம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகை வேளையில் அந்தப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் புலிகள் புகுந்து சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். துப்பாக்கிச் சன்னம் துளைத்த சுவரை அவ்வூரார் பூசி மறைக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஓகஸ்ட் 3ஐ ஷுஹதாக்கள் தினமாக அனுஷ்டிக்கிறார்கள். நூதனசாலையில் நான் கண்ட எல்லாப் பொருளையும் விட, அந்தச் சுவரில் இருந்த ஓட்டைகள்தான் என் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லின.

வெள்ளிக்கிழமை பூட்டிய நூதனசாலை

நூதனசாலை என்பது நமக்குப் புதிய விஷயம் என்று எண்ண வேண்டாம். கொழும்பில் உள்ள தேசிய நூதனசாலையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று மாளிகை போல நிற்கும் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877 ஜனவரி 1ஆம் திகதி அது திறக்கப்பட்டது. வேலையைக் கண்டு மகிழ்ந்த ஆளுநர், “உமக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டாராம். பட்டமோ பணமோ கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, “வெள்ளிக்கிழமைகளில் இதைப் பூட்டி வைக்க வேண்டும்” என்று மரைக்கார் கேட்டாராம். அந்த வேண்டுகோள் நெடுங்காலம் மதிக்கப்பட்டு வந்தது என்று நம் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

அந்த நூதனசாலைக்குள் காலிக் கல்வெட்டு என்று ஒரு கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. அவரும் முஸ்லிம் வம்சத்தில் பிறந்தவர். ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன மொழிப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. 1911ஆம் ஆண்டில் காலியில் அந்தக் கல் கண்டெடுக்கப்பட்டபோது எந்த நிலையில் கிடந்தது தெரியுமா? தெருவோர மதகுக்கு மூடியாகக் குப்புறப் போடப்பட்டிருந்தது! அதன் மேலால் எத்தனை வண்டில் போயிருக்கும், எத்தனை பேர் மிதித்திருப்பார்கள்! மூன்று சமூகங்களின் பெயரும் எழுதிய கல்லையே நாம் குப்புறப் போட்டு மிதித்திருக்கிறோம். உங்கள் பெட்டகத்தில் கிடக்கும் பழைய உறுதி எம்மாத்திரம்?

உரிமைக்காகப் போராடிய கதையும் நமக்கு உண்டு. 1905ஆம் ஆண்டில் வழக்கறிஞர் எம்.ஸீ. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, தொப்பியைக் கழற்றினால்தான் வாதாடலாம் என்று பிரதம நீதியரசர் தடுத்தார். முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளி மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியது. மனுப் போனது. முடிவில் தொப்பி வென்றது. ஒரு கல் எறியாமல் வென்றெடுத்த உரிமை அது. இன்று தலையை மூடிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கும் காரியாலயத்துக்கும் போகும் நம் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

கடலுக்கப்பால் ஒரு புதன்கிழமை

இனி உங்களைக் கொஞ்சம் தூரமாகக் கூட்டிப் போகிறேன். நான் அங்கே போனதில்லை. வாசித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததுதான்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி என்றொரு மாநிலம். பருத்தி விளையும் பூமி. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய மண். அடிமை முறை சட்டத்தில் ஒழிந்த பிறகும், வாக்குப் போடவும் பள்ளிக்கூடம் போகவும் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. கேட்டவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மாநில அரசாங்கமே தன் சொந்தப் பணத்தில், தன் தலைநகர் ஜாக்சனில், 2017 டிசம்பர் 9ஆம் திகதி ஒரே கூரையின் கீழ் இரண்டு நூதனசாலைகளைத் திறந்தது. ஒன்று மாநிலத்தின் வரலாற்றைச் சொல்வது. மற்றது குடியுரிமைப் போராட்டத்தைச் சொல்வது. கொன்றவர்களுக்குத் துணை நின்ற அரசாங்கம், கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தானே சுவரில் எழுதி வைத்திருக்கிறது என்றால் சாதாரண விஷயமா?

அங்கே ஒரு துப்பாக்கி இருக்கிறது. 1963 ஜூன் 12ஆம் திகதி, மெட்கர் எவர்ஸ் என்ற போராளி வேலை முடிந்து தன் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அவரைச் சுட்ட துப்பாக்கி. மனைவி மேர்லியும் மூன்று பிள்ளைகளும் வீட்டுக்குள் இருந்தார்கள். கொலைகாரன் தண்டிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1994இல்! முப்பது வருடங்களுக்கு மேல் அந்த விதவை விடாமல் நின்று நீதியைப் பெற்றார். நூதனசாலை திறப்பு விழாவில் அவரும் மேடையேறிப் பேசினார்.

ஃபெனி லூ ஹேமர் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். 1917இல் குத்தகை விவசாயிகளின் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். சிறு வயது முதல் பருத்தி பறித்தவர். 1962 ஓகஸ்ட் 31ஆம் திகதி இன்னும் பதினேழு பேரோடு ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, வாக்காளராகப் பதியப் போனார். திரும்பி வரும்போது பொலிஸார் பஸ்ஸை மறித்தார்கள். பஸ்ஸின் மஞ்சள் நிறம் அளவுக்கு மிஞ்சி மஞ்சளாக இருக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள்! பயந்து போய் உள்ளே இருந்தவர்களுக்குத் தைரியமூட்ட ஹேமர் பாடத் தொடங்கினார். அன்றிரவே அவர் குடியிருந்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார். மறு வருடம் சிறையில் வைத்து அடித்து உடம்பை முறித்தார்கள். அதற்கும் பிறகு 1964இல் நாடே பார்க்கும் மேடையில் நின்று சாட்சி சொன்னார்.

அந்த நூதனசாலையின் நடுக்கூடத்தில் விளக்குகளால் ஆன பெரிய அமைப்பொன்று தொங்குகிறது. ஒருவர் தனியாக நின்றால் வெளிச்சம் குறைவு. ஆட்கள் கூடக் கூட வெளிச்சமும் பாட்டின் குரலும் பெருகும். ஒரு போராட்டத்தின் பாடத்தை ஒரு வார்த்தை பேசாமல் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் என் மனதைக் கவர்ந்தது இதுவல்ல. ஒவ்வொரு புதன்கிழமையும் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு, பகலுணவு வேளையில், அங்கே ஒரு கூட்டம் நடக்கிறது. சாப்பாட்டுப் பொதியைக் கையில் கொண்டு வரலாம். கட்டணம் இல்லை. யாராவது ஒருவர் தமக்குத் தெரிந்த வரலாற்றைப் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். காரியாலயத்தில் வேலை செய்பவர் தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டுவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான்! இதற்குப் பெரிய காசு தேவையா? ஒரு கூடம், ஒரு பேச்சாளர், கேட்க மனமுள்ள கொஞ்சப் பேர். நம் ஊர்களில் எது இல்லை?

நம் வலி மட்டும்தானா?

சகோதரிகளே, இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது.

காத்தான்குடியிலிருந்து திரும்பும் வழியில், சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையைக் கடந்தோம். அங்கே ஒரு பிள்ளையார் கோயில். 1990 ஓகஸ்ட் 12ஆம் திகதி, காத்தான்குடிப் படுகொலை நடந்து ஒன்பதே நாளில், அந்தக் கோயிலில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் தாங்கி வந்தவர்களோடு முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்தார்கள் என்று அம்மக்கள் சொல்கிறார்கள். குருக்கள்மடத்தில் வாய் மூடியிருந்த நாங்கள், வீரமுனையில் வழமை போலப் பேசிக்கொண்டே கடந்து போனோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அந்த ஊரிலும் ஒரு தாய் தன் மகளுக்கு இந்த றோட்டைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். அவள் கதையில் நாம் யார்? நம் பிள்ளைகளுக்கு நம் வலியை மட்டும் சொல்லி, அவர்கள் வலியை மறைத்தால் நாம் காட்டுவது வரலாறு அல்ல, வழக்கின் ஒரு பக்கத்துக் காகிதம். எதிராளிக்குப் பாதகமாக மட்டுமல்ல, நமக்கே பாதகமாக இருந்தாலும் சாட்சியத்தை நேர்மையோடு சொல்லுங்கள் என்பதுதானே நம் மார்க்கம் கற்றுத் தந்தது! மிசிசிப்பி அரசாங்கம் தன் தவற்றையே தன் சுவரில் எழுதியிருக்கிறது. நமக்கு அந்தத் தைரியம் வேண்டாமா?

வேலியில் கட்டிய வெள்ளைத் துணி

அண்மைக் காலத்துக்கு வருவோம். கொரோனாக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020ஆம் ஆண்டில் நோயால் மவுத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு பச்சைக் குழந்தையையும் பெற்றோரின் சம்மதமின்றி எரித்தார்கள். அன்று நாடு முழுவதும் உம்மாமார் அழுதார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் வந்து கட்டினார்கள். துணிகள் அகற்றப்பட்டன. மறுபடியும் கட்டினார்கள்.

2021 மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் அடங்கியிருக்கிறார்கள். பிற சமயத்தவரும் அவர்களுள் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்த வெள்ளைத் துணிகளில் ஒன்றையாவது யாராவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? நாளைக்கு என் பேத்தி, “அப்படி நடந்ததா உம்மும்மா?” என்று கேட்டால் காட்டுவதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? தொலைபேசியில் எடுத்த படங்கள் தொலைபேசியோடு போய்விடும். அந்தக் குழந்தைக்காக அழுத தாய்மாரின் குரலை யார் பதிந்து வைத்தார்கள்?

உம்மா கொண்டு போனது

இனி என் சொந்தக் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

காத்தான்குடியிலிருந்து வந்த இரவு, உம்மாவின் பேச்சையெல்லாம் ரேப்பில் பதிய வேண்டும் என்று நானும் சாச்சியும் முடிவு செய்தோம். 1957ஆம் ஆண்டு வெள்ளத்தில் வீட்டுக் கூரையில் இருந்த கதை, 1978 சூறாவளியில் தென்னைகள் சாய்ந்த கதை, கல்யாண வீட்டில் குரவையிட்டு றபான் தட்டிப் பாடிய கவிகள், நம் குடி எந்தத் தாயின் வழியாக வந்தது என்ற வரிசை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். நம் பகுதியில் குடி தாய் வழியாக அல்லவா வருகிறது! வீடும் வளவும் பெண் பிள்ளைக்கல்லவா எழுதுகிறோம்! ஆகவே நம் வரலாற்றின் திறப்பு பெண்களின் முந்தானையில்தான் முடிந்திருக்கிறது.

“நாளைக்குப் பாப்போம்” என்றோம். நெல் வெட்டு வந்தது. நோன்பு வந்தது. பிள்ளைகளின் பரீட்சை வந்தது. இரண்டு வருடத்தில் உம்மா மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதற்குப் பிறகுதான் வயல் விஷயம் வந்தது. 1990 பிரச்சினையில் எங்கள் குடும்பம் கைவிட்டு வந்த ஒரு துண்டு வயல். பெர்மிட் அந்த ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. ஒரு காரியாலயத்தில் விசாரணைக்கு அழைத்தார்கள். “நான்கு எல்லையிலும் யார் யார் செய்தார்கள்? வரம்பில் என்ன மரம் நின்றது?” என்று கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. உம்மாவுக்குத் தெரியும். வடக்கே யார், தெற்கே யார், எந்த மருத மரத்தடியில் சோற்றுப் பெட்டியை வைப்பார்கள் என்று திண்ணையில் இருந்து எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! நாங்கள் ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டோம். ஒரு கொப்பித் தாளில் நாலு வரி எழுதியிருந்தால் போதும். இன்னும் அந்த வயல் எங்கள் கைக்கு வரவில்லை. அன்றைக்கு நூதனசாலையில் அந்நியப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று கேட்ட உம்மாவை, வீட்டில் நாங்கள் கேட்காமல் விட்டோம்.

நம்மால் என்ன செய்யலாம்?

இறக்காமத்துக்கு நூதனசாலை வருமோ வராதோ, அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கட்டடம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள், பாடசாலை மண்டபத்திலோ நூல் நிலையத்திலோ ஒரு வீட்டு முற்றத்திலோ பத்துப் பெண்கள் கூடலாம். ஒரு மூத்தவர் ஒரு பொருளைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்லட்டும். ஒரு இளம் பிள்ளை அதை எழுதட்டும், குரலைப் பதியட்டும். சொன்னவரின் பெயர், திகதி, ஊர் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். சொல்ல விரும்பாததைக் கிண்டிக் கேட்க வேண்டாம். சில காயங்கள் சொல்லும் நேரம் வந்தால்தான் சொல்லும். மாணிக்கமடுவிலும் வீரமுனையிலும் உள்ள சகோதரிகளையும் ஒரு நாள் அழையுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பழைய படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள். உறுதியையும் பெர்மிட்டையும் பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். 2004 சுனாமியில் கடலோர ஊர்களில் காகிதங்களை இழந்து பட்ட பாட்டை நம் உறவினர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது போய் அந்தப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே வெற்றிலைத் தட்டம் இருக்கும். மடித்து வைத்த பழைய கல்யாணச் சேலை இருக்கும். மஞ்சளித்துப்போன ஒரு காகிதம் இருக்கும். அது என்ன என்று கேட்டால் சொல்ல உங்கள் உம்மா இன்னும் இருக்கிறாரா? அல்ஹம்துலில்லாஹ்! அப்படியானால் இன்றைக்கே அவர் பக்கத்தில் பாயை விரித்து உட்காருங்கள். நாளைக்கு என்று சொல்ல வேண்டாம். நான் சொன்னேன், என் உம்மாவின் பெட்டகம் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. திறக்கிறேன், எல்லாம் இருக்கிறது. சொல்லத்தான் ஆளில்லை.